கடைமடைக் குழாய்

எங்கள் ஊரில் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலை என்னுடையது. ஊராட்சிக் கணக்கில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் என்று இருக்கும். ஊரில் டேங்க் ஆபரேட்டர் என்பார்கள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, வால்வைத் திறந்துவிட்டால், ஆறு தெருவுக்கும் தண்ணீர் போகும். கடைசித் தெரு எங்களுடையது. அதைத் தாண்டினால் வயல்தான்.

2019 தீபாவளிக்கு மகள் பத்து மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். வந்த ஐந்தாம் நாள் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. அந்த வாரத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பிள்ளைகளுக்கு அப்படி ஆனது. தண்ணீர் நான் திறந்துவிட்டது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

முதல் நாள் காலையில் நீர்போல இரண்டு முறை போனது. என் அம்மா பார்த்துவிட்டு, "பல்லு மொளைக்குதுடா தம்பி, அப்படித்தான் போகும்" என்று வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார். மத்தியானத்துக்குள் ஐந்தாறு முறை ஆகிவிட்டது. "வயிறு கொஞ்சம் காயட்டும்" என்று கஞ்சியை நிறுத்தினோம். தாய்ப்பாலையும் குறைக்கச் சொன்னது என் மனைவி. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளை வளர்த்த வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் கேட்டேன். பேதியை நிறுத்துகிற மருந்து ஒன்றும், ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற அட்டைப் பெட்டி பானம் ஒன்றும் கொடுத்தார்கள். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று, பேதிக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்ததால் நம்பி வாங்கினேன். நல்ல தித்திப்பு. குழந்தை ஆசையாகக் குடித்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாகப் போனது.

சாயங்காலம் குழந்தை அழுதபோது கண்ணில் நீர் வரவில்லை. மகள்தான் கவனித்தாள். "அப்பா, இவ அழுறா, ஆனா கண்ணீரே இல்லப்பா" என்றாள். உச்சிக்குழி பள்ளமாகத் தெரிந்தது. வாய் உலர்ந்து உதட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையோடு ஓடி கிராம சுகாதார நர்ஸைக் கூட்டி வந்தேன்.

நர்ஸம்மா வந்ததும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை மடியில் படுக்கவைத்து, தொப்புளுக்குப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் மடித்துத் தூக்கி விட்டார். நல்ல பிள்ளைக்கு அந்த மடிப்பு விட்டதும் படிந்துவிடும். இவளுக்கு மெல்ல, யோசித்துப் படிவதுபோலப் படிந்தது. அப்புறம் ஒரு கரண்டித் தண்ணீரை உதட்டில் வைத்தார். குழந்தை கரண்டியையே கடித்து இழுத்தது. "தாகம் இருக்கு, குடிக்குறா. நல்லது அண்ணே. குடிக்கவே முடியாம, தொட்டாலும் முழிக்காம துவண்டு கிடந்தா ஊசி வழியா ஏத்தணும், அது வேற கதை. இப்ப கிளம்புங்க" என்றார். மருந்துக்கடையில் வாங்கிய நிறுத்தும் மருந்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தம் பையில் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது, குடலின் அசைவை அடக்கிவிடும், வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கும் என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டார்கள். எட்டு கிலோ. கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்குப் போட்டு, நான்கு மணி நேரத்தில் 600 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசல் உள்ளே போக வேண்டும் என்றார்கள். ஊசி போடுவார்கள், பாட்டில் ஏற்றுவார்கள் என்று நான் நினைத்துப் போயிருந்தேன். என் கையில் கொடுத்தது ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு தேக்கரண்டியும்.

தேக்கரண்டி என்றால் 5 மில்லி. 600 மில்லிக்கு 120 கரண்டி. நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. தண்ணீர் அளக்கிற வேலை செய்பவன் என்பதாலோ என்னவோ, அந்தக் கணக்கு எனக்கு உடனே பிடிபட்டது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நானும் மகளும் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். இருபதாவது கரண்டியில் மொத்தமாக வாந்தி எடுத்தாள். மகள் அழுதுவிட்டாள். நர்ஸம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "பத்து நிமிஷம் பொறுங்க. அப்புறம் இன்னும் மெதுவா குடுங்க. வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் உள்ளதான் நிக்கும்" என்றார். நடுவில் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார். எழுபதாவது கரண்டி வாக்கில் குழந்தை மூத்திரம் போனது. என் வேட்டியெல்லாம் நனைந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

அந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை நான் எங்கள் பாஷையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். குடல் சுவரில் ஒரு மடை இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் அந்த மடை திறந்து இரண்டையும் உள்ளே இழுக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதி போகிற நேரத்திலும் அந்த மடை அடைபடுவதில்லை. ஆனால் அளவு முக்கியம். சர்க்கரை கூடிப்போனால் எதிர்த்திசையில், உடம்பிலிருந்து குடலுக்குத் தண்ணீர் இறங்கும். அந்த அட்டைப் பெட்டி பானத்தால் பேதி கூடியது அதனால்தான். அதுபோன்ற பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளையே போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதற்காகப் போராடினார். செய்தியைப் படித்த அன்று அவருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

அரசாங்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20.5 கிராம் இருக்கும். ஒரு பாக்கெட்டை முழுசாக, சரியாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். எங்கள் தெருவில் நான் அதிகம் பார்த்த தப்பு, ஒரு டம்ளர் தண்ணீரில் கால் பாக்கெட்டைக் குத்துமதிப்பாகக் கொட்டிக் கலக்குவது. உப்பு கூடிவிடும், அது ஆபத்து. கடையில் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, அதனால் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். கலந்தது 24 மணி நேரத்துக்குத்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுக்கலாம். பாக்கெட்டே கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து போடலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லதுதான்.

இதோடு துத்தநாக மாத்திரை கொடுத்தார்கள், ஜிங்க் என்பார்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். ஆறு மாதத்துக்குள் என்றால் அதில் பாதி. கரண்டியில் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்க வேண்டும். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டது, இனி எதற்கு என்று என் மனைவி கேட்டாள். 14 நாளும் கொடுத்தால்தான் குடல் சுவர் தேறும், அடுத்த சில மாதங்களுக்குத் திரும்ப வருவதும் குறையும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் விடாமல் கொடுத்தோம். சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. குழைத்த தயிர் சாதம், வாழைப்பழம், தாய்ப்பால். பட்டினி போட்டால் பிள்ளை இளைத்துவிடும், இளைத்த பிள்ளைக்கு அடுத்த பேதி இன்னும் மோசமாக வரும். "மலத்துல ரத்தம் வந்தாலோ, எதையுமே குடிக்காட்டியோ, ஆறு மணி நேரமா மூத்திரம் போகாட்டியோ யோசிக்காதீங்க, நூத்தியெட்டுக்கு அடிங்க" என்றும் சொன்னார்.

இது வைத்தியத்தின் கதை. எனக்கு முக்கியமான கதை அடுத்த நாள் தொடங்கியது.

எங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகள் என்றதும் சுகாதார ஆய்வாளர் வந்தார். நேரே தொட்டிக்குப் போவார் என்று பார்த்தால், "உங்க ஊர்ல கடைசிக் குழாய் எது?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு எதிர்க் குழாய்தான் கடைசி. அங்கே போனோம்.

அந்தக் குழாய் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கடைசித் தெரு என்பதால் தண்ணீர் நூல்போலத்தான் வரும். தரைக்கு மேலே குழாய் வைத்தால் சொட்டுக்கூட ஏறாது. அதனால் மூன்றடிக்குக் குழி தோண்டி, பைப்பை வெட்டி, குழிக்குள்ளேயே குடம் வைத்துப் பிடிப்போம். எங்கள் தெருவில் அப்படி நான்கு குழி. அதில் ஒன்றை என் கையால் நானே தோண்டினேன். மழை பெய்தால் குழி நிறையும். தெருத் தண்ணீர், கோழி எச்சம், பிள்ளைகள் ஓரமாகப் போனது எல்லாம் அதில்தான் வந்து சேரும். தண்ணீர் வருகிற நேரத்தில் குழியை இறைத்துவிட்டுப் பிடிப்போம். தண்ணீர் நின்ற பிறகு என்ன ஆகும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வால்வை மூடியதும் பைப்புக்குள் இருக்கிற தண்ணீர் பள்ளத்தை நோக்கி வடியும், பைப் வெறுமையாகும், அந்த வெறுமை வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். குழியில் நிற்கிற தண்ணீர் மொத்தமும் வாய் திறந்த பைப்புக்குள் போகும். மறுநாள் காலை நான் வால்வைத் திறக்கும்போது முதலில் குடத்தில் விழுவது அதுதான்.

ஆய்வாளர் குளோரோஸ்கோப் என்கிற சின்னப் பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். எவ்வளவு மஞ்சள் என்று பக்கத்தில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டு அளவு சொல்வார்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மஞ்சள் ஏறவே இல்லை. விட்டது விட்டபடி பளிங்காக நின்றது. நான் அத்தனை வருஷமும் தண்ணீர் பளிங்குபோல இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்திருந்தவன்.

"பிளீச்சிங் எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டார். ஒரு கை அள்ளிப் போடுவேன் என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் வாடை அடிக்கிறது, சாதத்தில் மணக்கிறது என்று மேலத் தெருவில் சொன்ன நாட்களில் அந்த ஒரு கையையும் விட்டிருக்கிறேன். மூட்டையைக் காட்டச் சொன்னார். மழைக்காலத்து ஈரத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டை, கட்டி கட்டியாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். "இது வெறும் சுண்ணாம்பு அண்ணே. சத்து எப்பவோ பறந்துடுச்சு" என்றார்.

அதற்கு முந்தின வருஷம், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்த பிறகு, எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றினோம். அப்போது தினமும் ஒருவர் பக்கத்தில் நின்று பிளீச்சிங்கை அளந்து போடச் சொன்னார். அத்தனை நாசத்திலும் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் பேதி வரவில்லை. எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. பார்க்க ஆள் இல்லாதபோது விட்டுவிட்டேன்.

1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். எங்கள் தொட்டி 30,000 லிட்டர், அதற்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் வால்வைத் திறக்கக்கூடாது, அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மூட்டையைப் பிரித்த அன்றே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி நிழலில் வைக்கிறேன்.

ஆனாலும் தொட்டியில் சரியாகப் போட்டால் மட்டும் போதாது என்பதை அடுத்த வாரமே பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் நல்ல மஞ்சள், எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை. நடுவில் எங்கோ அழுக்கு உள்ளே வந்து குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். பைப் வழியே நடந்து பார்த்தோம். நடுத்தெரு வாய்க்காலில், சின்னப் பாலத்துக்கு அடியில் பைப் குறுக்கே போகிறது. அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஆகஸ்டில்தான் திறந்தார்கள். சம்பாவுக்கு வந்த தண்ணீரோடு ஐப்பசி மழையும் சேர்ந்து வாய்க்கால் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியது. தண்ணீர் வடிந்த ஒரு பகலில் கையை விட்டுத் தடவியபோது ஜாயின்டில் என் சுண்டுவிரல் நுழைந்தது. அந்த வாய்க்கால் கரையில்தான் பாதி ஊர் காலையில் ஒதுங்கும். அங்கேயே கால் கழுவுவார்கள். மழைக்காலத்தில் டெல்டாவில் காய்ந்த மண் என்றால் கரையும் ரோடும்தானே.

டெல்டாக்காரனுக்குக் கடைமடை என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் தண்ணீர் மூன்று ஆறாகப் பிரியும்போது நிறைய இருக்கும், கடைமடை வயலுக்கு வரும்போது கணுக்கால் நனையாது. குடிதண்ணீர்க் குழாய்க்கும் அதே கதைதான். கடைசித் தெருவுக்கு வருவது குறைந்த தண்ணீர், குறைந்த அழுத்தம், குறைந்த குளோரின், மற்றத் தெருக்களின் அழுக்கும் சேர்த்து. எந்தத் தெரு கடைசி என்பதும் தானாக அமைந்ததில்லை. பல ஊர்களில் பைப் கடைசியாகப் போய்ச் சேருவது தலித் மக்கள் குடியிருக்கிற காலனிக்குத்தான். தொட்டியை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர்களின் வீடு எப்போதும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை எழுதாமல் பேதியைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

முறைப்பாசனம் செய்வதுபோலத் தண்ணீரையும் முறை வைத்து விடலாம் என்று தோன்றியது. ஊராட்சியில் கேட்டு இரண்டு வால்வு கூடுதலாக வைத்தோம். இப்போது காலையில் முதல் அரை மணி நேரம் கடைசித் தெருவுக்கு மட்டும்தான். மற்ற வால்வுகளை மூடிவிடுவேன். அழுத்தம் ஏறியதும் குழி தேவையில்லாமல் போனது. நான்கு குழியையும் மூடி, குழாயைத் தரைக்கு மேலே இரண்டடி தூக்கித் தளம் போட்டோம். பாலத்துக்கு அடியில் இருந்த ஜாயின்டை எடுத்துவிட்டு, ஒட்டே இல்லாத முழு இரும்பு பைப்பாக மாற்றினார்கள். மேலத் தெருவில் கொஞ்ச நாள் திட்டினார்கள். சரி, திட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்குள்ளும் சில மாறின. குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று வாய்க்காலில் அலசுவதை நிறுத்தினோம், பெரியவர்களின் மலத்தில் இருக்கிற கிருமி அதிலும் இருக்கிறது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கஞ்சி பிசைவதில்லை. குடத்தில் கையோடு சொம்பை விட்டு மொள்ளாமல் நீளப்பிடிக் கரண்டி வைத்திருக்கிறோம். எங்கள் கழிவறை உறைக்குழி, அடிபம்பிலிருந்து பதினைந்து அடிகூட இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் உறைக்குள்ளேயே ஏறிவிடும். அதனால் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கப் பிடிப்பதில்லை. இடைவெளி 10 மீட்டராவது இருக்க வேண்டும்.

பேத்திக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போட வேண்டிய ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2017-இல் இருந்து இலவசமாகப் போடுகிறார்கள். போட்டும் பேதி வந்ததே என்று மகள் கேட்டாள். அது ரோட்டா வைரஸுக்கு மட்டும்தான், சின்னப் பிள்ளைகளைக் கொல்கிற பேதியில் அது பெரிய பங்கு, அதனால் கட்டாயம் போடுங்கள், ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரில் வருகிற எல்லாவற்றுக்கும் அது காவல் இல்லை என்றார் நர்ஸம்மா.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கிற ஊர், எங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. அதே வருஷம் அக்டோபரில் கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இறந்த செய்தி வந்தது. 1971-இல் வங்கதேச அகதிகள் பன்காவ்ன் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ஏற்றுவதற்கு பாட்டில் தீர்ந்துபோய், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை டிரம்களில் வைத்து, கூட இருந்த உறவினர்களையே கொடுக்கச் சொன்னவர். நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. அதைப் படித்தபோது அந்த 120 கரண்டியும் கண்முன் வந்தது.

ஜல் ஜீவன் திட்டத்தில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. குழி போனது, மோட்டார் வந்தது. குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சும்போது வழியில் இருக்கிற ஒவ்வொரு கசிவும் உள்ளே இழுக்கிற வாயாகிவிடும், பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர் ஏறாது. போன மாசம் கடைசிக் குழாயில் மஞ்சள் திடீரென்று வெளிறியது. தேடியதில் நடுத்தெருவில் ஒரு வீட்டு மோட்டார். அந்த வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. மோட்டாரைக் கழற்றுங்கள் என்று சண்டை போடவில்லை. குளோரோஸ்கோப்பை அவர்கள் திண்ணையிலேயே வைத்து, மோட்டார் ஓடும்போது ஒரு குழல், ஓடாதபோது ஒரு குழல் பிடித்துக் காட்டினேன். தரையில் ஒரு தொட்டி கட்டி, தண்ணீர் தானாக அதில் விழட்டும், அங்கிருந்து மாடிக்கு மோட்டார் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வீட்டுத் தம்பி இரண்டு குழலையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து குழி எடுத்தார். பூச்சு காய்ந்ததும் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.